மேரா சிகரம் தெரியுமா? புதியவர்களையும் ஆறாயிரம் மீட்டருக்கு மேலே அழைக்கும் இமயமலை அதிசயம்!

ஆப்பிரிக்காவின் உச்சி கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர். ஐரோப்பாவின் உச்சி எல்பிரஸ், 5,642 மீட்டர். வட அமெரிக்காவின் உச்சி டெனாலி, 6,190 மீட்டர். இந்த மூன்றையும் விட உயரமான ஒரு சிகரத்தில், இதுவரை ஐஸ் ஆக்ஸை, அதாவது பனிக்கோடரியை, கையால் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர் வழிகாட்டியோடு ஏறி நிற்கலாம் என்றால் நம்புவீர்களா? நேபாளத்தின் மேரா சிகரம் அப்படிப்பட்டது. உயரம் 6,476 மீட்டர்! பழைய விளம்பரத் தாள்கள் சிலவற்றில் 6,654 என்று இருக்கும், அதை நம்பாதீர்கள். 6,476 மீட்டரே போதும், மூச்சு வாங்க!

நேபாள மலையேற்றச் சங்கம் அனுமதி வழங்கும் ‘ட்ரெக்கிங் சிகரங்கள்’ பட்டியலில் சாதாரணமாக ஏறப்படுபவற்றுள் மிக உயர்ந்தது இதுதான். வாருங்கள், பயணத்தைத் திட்டமிட்டுக்கொண்டே ஒவ்வொரு வியப்பாகப் பார்ப்போம்.

எவரெஸ்டுக்கு ஒன்பது நாள் முன்பே ஏறிவிட்டார்கள், தெரியுமா?

1953. எவரெஸ்ட் குழுவுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற கூர்க்கா படை அதிகாரிக்கு. சரக்கை ஒப்படைத்தவர் சும்மா திரும்பவில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்குகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார். மே 20 அன்று சென் டென்சிங் என்ற ஷெர்பாவோடு மேராவின் நடு உச்சியில் நின்றார். ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்டைத் தொட்டது மே 29!

இன்னும் கேளுங்கள். நேபாளத்தின் முதல் ட்ரெக்கிங் நிறுவனமான ‘மவுண்டன் டிராவல்’ நிறுவனத்தை 1964-ல் தொடங்கியவரும் இதே ராபர்ட்ஸ்தான். பணம் கட்டினால் வழிகாட்டி, சமையல், கூடாரம், சுமை தூக்குவோர் என எல்லாம் கிடைக்கும் ஏற்பாட்டுக்கு நேபாளத்தில் வழி போட்டவர், மேராவில் முதலில் கால் வைத்தவர். இரண்டுக்கும் ஒரே மனிதர்!

தொட்டபெட்டாவைவிட உயரத்தில் விமானம் இறங்கும், தெரியுமா?

தமிழ்நாட்டில் மிக உயரமான இடங்களுள் ஒன்றான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடி 2,695. மேரா பயணம் தொடங்கும் லுக்லா விமான நிலையமோ சுமார் 2,850 மீட்டர்! ஓடுபாதை வெறும் 527 மீட்டர் நீளம். அதுவும் ஏறத்தாழ 12 விழுக்காடு சரிவு. இறங்கும் விமானம் மேட்டில் ஏறி வேகம் குறைகிறது. புறப்படும் விமானம் பள்ளத்தில் ஓடி வேகம் பிடிக்கிறது. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பாதாளம். 1964-ல் இதை அமைக்க முன்னின்றவர் எட்மண்ட் ஹிலாரி.

திட்டமிடுபவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இரண்டு. கூட்டமான பருவத்தில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து புறப்படுவதில்லை. நள்ளிரவில் வேனில் ஏறி நாலைந்து மணி நேரம் பயணம் செய்து ராமேசாப் போக வேண்டும். மேகம் கவிந்தால் விமானமே இல்லை! ஆகவே ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளாவது கையிருப்பு வையுங்கள்.

சுற்றுவழிதான் நல்ல வழி, தெரியுமா?

லுக்லாவிலிருந்து மேராவுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. 4,610 மீட்டர் உயரமுள்ள ஜத்ர்வா லா கணவாயைத் தாண்டிவிட்டால் ஹிங்கு பள்ளத்தாக்கு. ஆனால் விமானத்திலிருந்து இறங்கிய சில நாட்களிலேயே அவ்வளவு உயரம் போனால் தலைவலியும் வாந்தியும் காத்திருக்கும். தெற்கே பையா, பங்கோம் ஊர்கள் வழியாகக் காட்டுக்குள் சுற்றிப்போகும் பாதையில் சில நாள் கூடும், உடம்பு பழகிவிடும். கோத்தே, தங்னாக், 5,045 மீட்டரில் காரே என்று படிப்படியாக ஏறலாம். கணவாயைத் திரும்பும்போது கடக்கலாம். அப்போது அது உங்களுக்குச் சாதாரணம். காத்மாண்டு முதல் காத்மாண்டு வரை 18 நாள் ஒதுக்கும் திட்டம் நல்ல திட்டம். ‘பன்னிரண்டே நாளில் மேரா’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்!

அடிக்கடி சிறுநீர் வந்தால் நல்ல செய்தி, தெரியுமா?

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். மேரா உச்சியில் பாதிக்கும் குறைவு! உடம்பு என்ன செய்கிறது பாருங்கள். முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. அதனால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. உடனே சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளி ஈடுகட்டுகிறது. நீங்கள் இரவில் நாலு முறை எழுந்து போகிறீர்கள் என்றால் உள்ளே வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்! சில மணி நேரத்திலேயே புதிய சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் ஹார்மோனும் சுரக்கத் தொடங்கும்; அணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும்.

இந்த வேலைக்கெல்லாம் நேரம் கொடுப்பதுதான் திட்டமிடலின் உயிர். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் இன்று படுக்கும் இடம் நேற்றையதைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள். வழிகாட்டிகள் ‘பிஸ்தாரை, பிஸ்தாரை’ என்பார்கள்; மெதுவாக, மெதுவாக! தலைவலி தீராமல் நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ உடனே கீழே இறங்குவதுதான் மருந்து. உயர நோயைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வியப்பு: திபெத்தியர்களிடம் உயரத்தைத் தாங்க உதவும் இபாஸ்1 மரபணு வடிவம், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன டெனிசோவன் மனிதர்களிடமிருந்து வந்தது என்று 2014-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஷெர்பாக்களின் முன்னோர் திபெத்திலிருந்து வந்தவர்கள்! உங்கள் முன்னால் அலட்டாமல் நடக்கும் வழிகாட்டியின் ரத்தத்தில் எவ்வளவு பழைய சொத்து இருக்கிறது!

காரேயில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதிக்கும், தெரியுமா?

அதனால் பருப்பு வேகத் தாமதமாகும்; பொறுமையாக இருங்கள். அந்த நேரத்தில் கற்க ஏராளம் இருக்கிறது. காரே ஊருக்கு மேலே உள்ள பனிச்சரிவில்தான் பயிற்சி நாள். பூட்ஸில் கிராம்பான் என்ற இரும்புப் பற்களை மாட்டி நடப்பது, இடுப்பில் கட்டும் ஹார்னெஸில் கயிறு கோப்பது, கயிற்றைப் பற்றிக்கொள்ளும் ஜூமர் கருவியை நகர்த்தி ஏறுவது, ஐஸ் ஆக்ஸால் சறுக்கலை நிறுத்துவது எல்லாம் இங்கே கைக்கு வரும். இந்தப் பயிற்சி நாள் இல்லாத திட்டத்தை ஏற்காதீர்கள். டபுள் பூட்ஸ் முதலிய கருவிகள் காரேயில் வாடகைக்கும் கிடைக்கும். பூட்ஸின் அளவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மலையும் மாறிக்கொண்டே இருக்கிறது, தெரியுமா?

1998 செப்டம்பர் 3 அன்று தங்னாக் அருகே சபாய் சோ என்ற பனியேரி கரை உடைந்து ஹிங்கு பள்ளத்தாக்கில் பாய்ந்தது. பாறைகளை உருட்டிய அந்த வெள்ளத்தின் தடத்தை வழியில் பார்க்கலாம். 2007 முதல் விஞ்ஞானிகள் மேரா பனியாற்றில் கழிகளை நட்டு, ஆண்டுதோறும் எவ்வளவு பனி சேர்கிறது, எவ்வளவு கரைகிறது என்று அளக்கிறார்கள். நேபாளத்தில் இத்தனை ஆண்டு தொடர்ந்து அளக்கப்படும் பனியாறுகள் மிகச் சில. நீங்கள் நடக்கப்போவது அந்த மேரா பனியாற்றின் மேலேதான்!

அனுமதிச் சீட்டில் ஒரு வீராங்கனையின் பெயர், தெரியுமா?

மூன்று அனுமதிகள் தேவை: மலையேற்றச் சங்கத்தினுடையது, மகாலு பருன் தேசியப் பூங்காவினுடையது, கும்பு பசாங் ல்ஹாமு ஊரக நகராட்சியினுடையது. 1993-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண் பசாங் ல்ஹாமு ஷெர்பா. இறங்கும்போது உயிர் நீத்தார். அவர் பெயரைத்தான் அந்த ஊரக நகராட்சி தாங்கி நிற்கிறது! அனுமதிகளை உங்களை அழைத்துச் செல்லும் ட்ரெக்கிங் நிறுவனமே வாங்கித் தரும். இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: எத்தனை பேருக்கு ஒரு கிளைம்பிங் ஷெர்பா? உச்சிக்கு உபரி நாள் உண்டா? சுமை தூக்குவோருக்குக் காப்பீடும் குளிருடையும் தருகிறீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கும் நிறுவனத்தோடு போக வேண்டாம். நம் ஆசையைச் சுமப்பவர் குளிரில் நடுங்கக் கூடாது. உங்கள் காப்பீட்டையும் வரிவிடாமல் படியுங்கள். பல பாலிசிகள் 4,000 அல்லது 6,000 மீட்டரோடு நின்றுவிடும்! 6,500 மீட்டர் வரையும், ஹெலிகாப்டர் மீட்பையும் சேர்த்தே தருவதாக இருக்க வேண்டும்.

உச்சியிலிருந்து என்ன தெரியும், தெரியுமா?

5,780 மீட்டரில் உள்ள மேல்முகாமிலிருந்து இரவு இரண்டு மணி வாக்கில் புறப்பாடு. பனி இறுகிக் கிடக்கும் நேரம் அது; காற்றும் வெயிலும் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். பனிப்பிளவுகள் மறைந்திருப்பதால் எல்லோரும் ஒரே கயிற்றில். நீண்ட, சாய்வான நடை. முடிவில் மட்டும் செங்குத்தான ஒரு சிறு பனிமேடு, அங்கே ஜூமர். ஏறிவிட்டால்…

எவரெஸ்ட், காஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு, சோ ஓயு! உலகின் ஆறு மிக உயர்ந்த சிகரங்களில் ஐந்து ஒரே பார்வையில்! விடுபட்டது கே2 மட்டும்.

உகந்த காலம் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். ஆறு மாதம் முன்பே முதுகுப்பையோடு படியேறப் பழகுங்கள். 4,000 மீட்டர் தாண்டும் ஒரு நடைப்பயணத்தை முதலில் முடித்து, உங்கள் உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதன்பின் நாள்காட்டியில் 18 நாளைச் சுற்றி வட்டம் போடுங்கள். பொறுமையும் நாட்களும் உங்களிடம் இருந்தால், மேரா ஏறக்கூடிய மலைதான்!