360 சதுர அடிக்குள் ஒரு மடக்கு மேஜை

எங்கள் வீட்டு ஹால் தரையில் ஆசாரி சாக்பீஸால் ஒரு செவ்வகம் போட்டார். மூன்றடிக்கு இரண்டடி. "இதுதான் தம்பி மேஜை. ரெண்டு நாளைக்கு இதை மிதிக்காம நடந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பிளைவுட் வாங்கப் பணத்தோடு நின்ற எனக்கு எரிச்சல்தான் வந்தது. மகள் பத்தாம் வகுப்பு. சுவரோடு மடங்கி நிற்கும் படிப்பு மேஜை ஒன்று வேண்டும் என்று கேட்டால், கோடு போட்டுக் காட்டுகிறாரே!

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கோட்டைப் பதினோரு முறை மிதித்திருந்தோம். அடுப்படிக்குப் போகிற வழியே அதுதான் என்பது இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. கோட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். டிவி வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, அதே அளவில் ஒரு போலி மேஜை செய்து சுவரில் டேப்பால் ஒட்டினோம். பீரோ கதவைத் திறந்தால் அட்டையில் இடித்தது. இரண்டு அங்குலம் குறைத்தோம். இதுவரை செலவு, டேப்புக்குக் கொடுத்த காசு மட்டும்.

மடக்கு மரச்சாமான் என்றால் இணையத்தில் முதலில் வந்து நிற்பவர் ஹாங்காங் கட்டடக் கலைஞர் கேரி சாங். அவருடைய வீடு 32 சதுர மீட்டர், அதாவது 344 சதுர அடி. கூரையில் பதித்த இரும்புத் தண்டவாளத்தில் சுவர்கள் நகரும். டிவி இருக்கும் சுவரை இழுத்தால் அடுப்படி, இன்னொன்றை நகர்த்தினால் குளியல் தொட்டி, அதன்மேல் விருந்தாளிக்குக் கட்டில். ஒரே அறை 24 விதமாக மாறும். உலகமே வாய் பிளந்து பார்த்த வீடு அது.

344 சதுர அடி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கிராமங்களில் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டுகிற வீடு 360 சதுர அடி. மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், சுமார் 269 சதுர அடி. எங்கள் ஊத்தங்கரை வட்டத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கேரி சாங் வீட்டளவு வீடுகள் வரிசையாக நிற்கும். நகரும் சுவர்தான் கிடையாது. அங்கே ஒருவர் தன் வசதிக்கு அமைத்துக்கொண்ட இடத்தில், இங்கே ஐந்து பேர் படுத்து எழுகிறார்கள். சாங்கின் வீட்டிலும் ஒரு காலத்தில் பெற்றோர், தங்கைகள், ஒரு வாடகைக்காரர் என்று ஏழு பேர் இருந்தார்களாம். சுவர் நகர ஆரம்பித்தது அவர்களெல்லாம் போன பிறகுதான்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைகள் வந்த பிறகு வீட்டுக்கொருவர் ஷிப்டுக்குப் போகிறார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் காலை பத்து மணிக்குத் தூங்குவார். அதே ஹாலில் பாட்டி கீரை ஆய்வாள், பிள்ளை மனப்பாடம் செய்யும். பகலில் கட்டிலைச் சுவருக்குள் தூக்கிவிடலாம் என்பது, எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கும் வீட்டுக்கான யோசனை. அமெரிக்காவில் மர்பி என்பவர் சுவர்க் கட்டிலுக்குக் காப்புரிமை வாங்கியபோது மனதில் வைத்திருந்தது ஒற்றை அறையில் தனியாக இருக்கும் ஆளை. நம் கணக்கு வேறு.

இந்தக் கணக்கை ஓரளவு சரியாகப் போட்டது ரயில்தான். நமக்குப் பழகிய மடக்குக் கட்டில் மிடில் பெர்த். பகலில் அதுவே கீழே உட்காருபவர்களுக்கு முதுகு சாய்மானம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் அதை விரிக்கலாம். கீலும் சங்கிலியும் மட்டும் போதவில்லை, ஒரு நேர விதியும் வேண்டியிருந்தது. மேல் பெர்த்துக்கு அந்த விதி இல்லை. எப்போது வேண்டுமானாலும் படுக்கலாம். ஷிப்டுக்காரர் வீட்டுக்கு ஏற்றது அதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஏப்ரல் மாதம் காங்கிரீட் கூரைக்கு மூன்றடி கீழே பகலில் படுத்துப் பாருங்கள், வெந்துவிடுவீர்கள். சீலிங் ஃபேன் வேறு குறுக்கே நிற்கும். அதனால் ஆளுக்குத் தரை, சாமானுக்குப் பரண் என்ற பழைய ஏற்பாட்டை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அரை நிமிடத்தில் சுருட்டி மூலையில் சாத்தும் பாயை வெல்லும் மடக்குக் கட்டிலை நான் இன்னும் பார்க்கவில்லை.

எடையைப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஏறக்குறைய சதுர அடிக்கு ஒரு கிலோ. ஆறுக்கு மூன்றடிக் கட்டில் என்றால் பலகை மட்டும் 18 கிலோ. சட்டமும் மெத்தையும் சேர்ந்தால் முப்பதைத் தாண்டும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கும்போது பாதி எடை கையில் வரும். தினமும் காலையில் முக்கால் கேன் தண்ணீரைத் தூக்குவது மாதிரி. கேஸ் ஸ்பிரிங் போட்டால் சுமை குறையும், செலவு ஏறும். முதல் மாதம் ஆசையாகத் தூக்குவோம். அதன்பிறகு அது விரித்தே கிடக்கும்.

மேஜை அப்படியல்ல, ஆறு கிலோதான், மகளே தூக்கிவிடுவாள். ஆனாலும் ஆசாரி வெறும் கீலை நம்பவில்லை. கீழே இரண்டு முக்கோணத் தாங்கிகள் வைத்தார். "புத்தகத்துக்கு எதுக்குண்ணே இவ்வளவு?" என்றேன். "யாராச்சும் இதும்மேல உக்காருவாங்க தம்பி. உக்கார மாட்டாங்கன்னு நெனச்சு வேலை செய்யக் கூடாது." பொங்கலுக்கு வந்த என் மச்சான் உட்கார்ந்தார். தாங்கி நின்றது. சுவர்தான் நிற்கவில்லை! ஹாலோ பிளாக்கின் வெற்றிடத்தில் துளை விழுந்திருந்ததால் போல்ட்டுக்குப் பிடிப்பே இல்லை. பூச்சோடு பெயர்ந்து வந்துவிட்டது. அட்டை மேஜை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தது, இதை மட்டும் சொல்லவில்லை. அட்டையின் மேல் யாரும் உட்காரவில்லையே.

மறுபடி மாட்டியாயிற்று. இப்போதும் முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். மேலே இருப்பதை எடுத்து வைத்தால்தான் மேஜை மடங்கும். எடுத்து வைக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. வாரத்தில் நாலு நாள் குக்கரும் கேஸ் புத்தகமும் அதன்மேல்தான். பக்கத்திலேயே அரையடி அகலத்தில் ஒரு தட்டு அடித்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜையோ கட்டிலோ எந்தச் சுவரில் வரும் என்று சாக்பீஸ் கோடு போட்டு முதலில் முடிவு செய்யுங்கள். கீல் வரும் உயரத்தில் ஹாலோ பிளாக்குக்குப் பதில் ஒரு வரிசை சாலிட் பிளாக் வைக்கச் சொல்லி, சுவர் எழுப்புவதற்கு முன்னாலேயே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.