பக்கத்துத் தெருவில் கடை, பாட்டிக்குத் தெரியவில்லை!

"கூகுளாவது, மேப்பாவது! அதெல்லாம் படித்த பிள்ளைகள் சமாசாரம்" என்றுதான் நானும் நினைத்துக் கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவள் நான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த போன் என் நினைப்பை மாற்றிவிட்டது.

என் வீட்டுக்காரருக்குத் திருச்சியில் மூன்று மருந்துக் கடைகள். தில்லைநகரில் ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒன்று, திருவெறும்பூரில் ஒன்று. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்திருந்தார். போனை நான் எடுத்தேன்.

"கடை பூட்டிக் கிடக்கே அம்மா! திறந்திருக்குன்னு பேத்தி போன்ல பார்த்துச் சொன்னாளே. இன்சுலின் தீர்ந்து போச்சு." ஒரு பாட்டியின் குரல். நடுங்கியது.

"எங்கேயிருந்து வர்றீங்க பாட்டி?"

"ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. ஆட்டோ பிடிச்சுத் தில்லைநகர் வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஸ்ரீரங்கம் கடை அவர் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளித்தான். அது திறந்தும் இருந்தது! அதை விட்டு, வேகாத வெயிலில் காவிரிப் பாலம் தாண்டி வந்து பூட்டின கடை வாசலில் நிற்கிறார். அதே ஆட்டோவில் திரும்பிப் போய் மருந்து வாங்கிக் கொண்டார். அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் மகனை உட்கார வைத்து மூன்று கடைகளையும் தேடச் சொன்னேன். தில்லைநகர் கடைக்கு ஞாயிறு அரை நாள்தான். மேப்பில் இரவு பத்து மணி வரை என்று கிடந்தது. ஸ்ரீரங்கம் கடையைக் காணவே காணோம். 2022ல் இடம் மாறின திருவெறும்பூர் கடை, பழைய விலாசத்தில் ஒன்று, புதிய விலாசத்தில் ஒன்று என்று இரட்டைப் பிறவியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே போன் நம்பர்! தப்பு முழுக்க எங்களுடையது.

சகோதரிகளே, அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒரு கிண்ணம் வைக்கிறோமே, கணக்கு அதேதான். ஒவ்வொரு கிளைக்கும் கூகுளில் தனிப் பதிவு வேண்டும். காசு கிடையாது. ஸ்ரீரங்கம் கடைக்குப் பதிவு செய்தபோது தெருவையும், போர்டையும், கடையை நாமே திறப்பதையும் வீடியோ எடுத்துக் காட்டினோம். பத்துக் கிளைகளும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மொத்தமாகவே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

பெயர் போர்டில் உள்ளபடியே இருக்கட்டும். "மலிவு விலை, ஸ்ரீரங்கம் நம்பர் ஒன்" என்று வால் சேர்ப்பது விதிக்கு விரோதம். விலாசத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். கீழச் சித்திரை வீதியா, மேலச் சித்திரை வீதியா என்பதில் குழப்பம் வந்தால் ஆள் கோயிலையே சுற்ற வேண்டியதுதான்! மேப்பில் குத்தும் புள்ளி கடை வாசலில் விழுகிறதா என்று நேரில் நின்று பாருங்கள். போன் நம்பர் அந்தந்தக் கடையுடையது. கடை இடம் மாறினால் புதுப் பதிவு போடாதீர்கள். பழைய பதிவிலேயே விலாசத்தை மாற்றினால் ஜனங்கள் எழுதின ரிவ்யூக்கள் கூடவே வரும்.

நேரம்தான் ரொம்ப முக்கியம். பண்டிகை நாட்களுக்குத் தனி நேரம் குறிக்க வசதி இருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் கடையை மட்டும் விடியுமுன்னே திறக்கிறோம். அந்த ஒரு நாளை அந்த ஒரு கடைக்கு மட்டும் மாற்றுகிறேன்.

யார் கடை முதலில் வரும் என்பதற்கு கூகுள் மூன்று விஷயம் பார்க்கிறதாம்: தேடினதற்குப் பொருத்தம், தேடுகிறவருக்குள்ள தூரம், கடையின் பிரபலம். பணம் கட்டி இந்த வரிசையில் முன்னே வர முடியாது.

"ரிவ்யூ எழுதினா தள்ளுபடின்னு போடலாமா?" என்றார் இவர்.

"வேண்டாங்க. அதுவும் விதிக்கு விரோதம்" என்றேன். வாடிக்கையாளரிடம் வாயால் கேட்டாலே போதும். பதில் எழுதுகிறபோது ஒரு ஜாக்கிரதை. அவர் என்ன மருந்து வாங்கினார், என்ன வியாதி என்பதை மூச்சுவிடக் கூடாது. அது ஊரே பார்க்கும் பலகை.

இப்போது மாதம் முதல் தேதி மூன்று பதிவுகளையும் நானே திறந்து பார்க்கிறேன். பால் கணக்கு எழுதுகிற வேலைதான். கால் மணி நேரம் ஆகாது.

அந்தப் பாட்டி இப்போது ஸ்ரீரங்கம் கடைக்கே நடந்து வருகிறார். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து, "இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்தீங்களா?" என்றார் சிரித்துக் கொண்டே.

"இருந்தோம் பாட்டி. சொல்லத்தான் தெரியலை" என்றேன்.