இன்ஜினைக் கழற்றுவதற்கு முன்னால்

பழைய கார் பார்க்கப் போகிற காலையில் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். அதில் சூது இருந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. பெட்ரோல் போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் தேய்ந்த இன்ஜினின் வண்டவாளம் வெளியே வருவது, இரவெல்லாம் நின்று ஆயில் முழுக்கக் கீழே சம்ப்பில் இறங்கிய பிறகு போடுகிற முதல் ஸ்டார்ட்டில்தான். டைமிங் செயின் நீண்டிருந்தால் சில நொடிகள் கரகரவென்று உரசும். ஆயில் அழுத்தம் ஏறியதும் டென்ஷனர் செயினை இறுக்கிவிடும், சத்தம் அடங்கிவிடும். பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி கூடியிருந்தால் குளிரில் டப்டப் என்று தட்டும், சூடானதும் குறையும். ஆகவே, “நாளைக் காலையில வர்றேண்ணே, அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் பேரத்தைத் தொடர வேண்டாம் என்பது என் கருத்து.

மதுரையின் கார் கன்சல்டிங் கடைகளில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா டீசல் வண்டிகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலும் ஓடுவது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின். உழைக்கும் இன்ஜின்தான். ஆனால் அதில் இருப்பது பெல்ட் அல்ல, செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டியிருந்தால் செயின் நீளும். நீண்டு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளலாம். காலையில் கேட்கிற அந்தக் கரகரப்பை “டீசல் வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும்” என்ற பதிலோடு விட்டுவிடக் கூடாது.

எல்லாச் சத்தமும் இன்ஜினுக்குள்ளிருந்து வருவதில்லை. ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர் புல்லி என்று பெல்ட்டில் ஓடுகிற எதுவும் கத்தலாம். மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓடவிடுவார். சத்தம் நின்றால் கோளாறு வெளியே. செலவும் பெரும்பாலும் ஆயிரங்களோடு முடியும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் கூலன்ட் சுற்றாது என்பதால் அதற்கு மேல் ஓடவிட மாட்டார். உள்ளே என்றால் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார்கள். மேலே ஹெட் பக்கம் டிக்டிக் என்றால் டப்பெட். கீழே சம்ப் பக்கம் கனமாக டொக் டொக் என்று, ரேஸ் செய்யச் செய்யக் கூடினால் பிக் எண்ட் பேரிங். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும்போது, ஒன்றை நிறுத்தியதும் அந்த டொக் குறைகிறதென்றால் பேரிங் அங்கேதான் போயிருக்கிறது. டப்பெட் சத்தம் இப்படி மாறாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கேஸ்கட் போயிருந்தாலும் கிட்டத்தட்ட டப்பெட் போலவே கேட்கும். அதை டப்பெட் என்று நினைத்துக்கொண்டு ஹெட்டைக் கழற்றச் சொல்கிறவர்களும் உண்டு.

பளு ஏறும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு ஏற்றம் வேண்டும். நம் சமவெளியில் ஏற்றம் என்றால் பாலங்கள்தான். நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். கார்பன் படிந்த பெட்ரோல் இன்ஜின் அங்கே சலசலக்கும். ஓட்டும்போது ஆயில் விளக்கு எரிந்து, கூடவே டொக் டொக் என்றும் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். திருமங்கலத்திலிருந்து மதுரை வரை மெதுவாக உருட்டி வந்துவிடலாம் என்று நினைத்தால், பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு கிராங்க் ஷாஃப்ட் வரை போகும்.

ஏமாற்று வேலை பெரும்பாலும் ஆயிலில் நடக்கிறது. 5டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினாலோ, ஒரு டப்பா கெட்டி திரவம் கலந்தாலோ தட்டும் சத்தம் சில நாட்களுக்கு அமுங்கும். இன்னொன்று வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் கார்கள் மூழ்கின. 2024 அக்டோபரில் மதுரை செல்லூரில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். காய்ந்த பிறகு இன்ஜின் ஓடும், தட்டிக்கொண்டே ஓடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைப் பாருங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் அங்கெல்லாம் அநேகமாகக் கை வைப்பதில்லை.

வாங்கிய பிறகு சத்தம் வந்தால் நம்மில் பலரும் செய்வது, தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு அன்றைக்கே இன்ஜினைப் பிரிப்பது. சட்டப்படி பார்த்தால் இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. பிரித்துவிட்டால் சத்தம் இருந்ததற்கே சாட்சி இல்லை; “உங்க மெக்கானிக்தான் கெடுத்தாரு” என்பார்கள். கர்நாடகத்தில் ஒருவர் வாங்கிய புது ஃபியட் காரின் இன்ஜின் சத்தம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்ஜினையே மாற்றிக் கொடுத்தும் அவர் திருப்தியடையவில்லை. 2010இல் வந்த தீர்ப்பு, எந்தத் தரப்பையும் சேராத தொழில்நுட்ப நிபுணர் வண்டியைப் பார்க்கட்டும், உற்பத்திக் குறை என்று அவர் சொன்னால் பணம் திரும்பக் கிடைக்கட்டும் என்றது. புது வண்டிக்கே இதுதான் நிலை என்றால், பத்து வருடம் ஓடிய வண்டிக்குக் கேட்க வேண்டியதில்லை. குளிர்ந்த ஸ்டார்ட்டை வீடியோ எடுங்கள்; வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், சத்தம் மூன்றும் ஒரே ஓட்டத்தில் பதிவாகட்டும். ஆயில் அழுத்தம், கம்ப்ரஷன் இரண்டையும் அளக்கச் சொல்லி, அளவுகளோடு ஒர்க் ஷாப் தாளில் எழுதி வாங்குங்கள். விற்றவருக்கு வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் தெரிவித்து, வந்து பார்க்க ஒரு தேதி கொடுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்பானர்.

விற்றவர் யார் என்பதைப் பொறுத்து வழி மாறும். கன்சல்டிங் கடையோ, கார் விற்கும் நிறுவனமோ என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணைக்கு வரும். பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் வேறு கெடு இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ஆனால் பத்து வருட வண்டியின் இயல்பான தேய்மானத்தைக் குறை என்று வாதாடி ஜெயிப்பது கடினம். “இன்ஜின்ல கையே வைக்கல, ஒரு சத்தம் கிடையாது” என்று அவர் அனுப்பிய செய்தி உங்களிடம் இருந்தால் கதை வேறு. விளம்பரத்தையும் அந்தச் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஓனரிடமே நேரடியாக வாங்கினால் நுகர்வோர் ஆணையம் பொருந்தாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872ஐ வைத்துக்கொண்டு சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். குறையைச் சொல்லாமல் சும்மா இருப்பதையும், தெரிந்தே மறைக்க ஒரு காரியம் செய்வதையும் அந்தச் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. கெட்டி ஆயில் ஊற்றியது இரண்டாவது வகை, நிரூபித்தால் மோசடி. வெறும் மௌனம் என்றால், “சாதாரணமாகப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே” என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். காசு கொடுத்து மெக்கானிக்கை முன்கூட்டியே அழைத்துப் போவது இதற்கும் சேர்த்துத்தான்.

ஒர்க் ஷாப்பும் இதே நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். எஸ்டிமேட் எழுத்தில் இருக்கட்டும், கழற்றிய பழைய பேரிங்கும் செயினும் உங்கள் டிக்கிக்கு வரட்டும்.

புகாருக்கு முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சமரசம் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வண்டியைக் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும், பெங்களூரு நிறுவனத்திடம் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் மதுரையில் குடியிருந்தால் மதுரையிலேயே தாக்கல் செய்யலாம். தீர்ப்பு பாதகமானால் 45 நாளுக்குள் மேல்முறையீடு. மாநில ஆணையத்தின் கிளை மதுரையிலேயே இருக்கிறது.

வண்டியைத் திருப்பித் தந்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் ஆர்.சி.யைப் பெயர் மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், 14 நாளுக்குள் காப்பீட்டிலும் பெயர் மாற்ற விண்ணப்பித்தாக வேண்டும். மாற்றினால் வழக்கு கெட்டுவிடாது. மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் விற்றவரும் மாட்டுவார். உங்கள் வண்டிக்கான சேத இழப்பீட்டையும் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம்.