தந்தையார் சென்ற யுத்தம்

கோயமுத்தூரிலும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டுக் கிராமங்களிலும் சில வீடுகளின் பரண்மீது ஒரு தகரப் பெட்டி இன்றும் கிடக்கிறது. இரண்டொரு பதக்கம், நிறம் மங்கிய நாடா, மடிப்புத்தோறும் கிழிந்த ஓர் ஆங்கிலக் காகிதம், காக்கி உடையில் நிற்கும் ஒரு வாலிபரின் புகைப்படம் ஆகியவை அதனுள் இருக்கும். "அப்பா பட்டாளத்திலே இருந்தார்" என்பதற்கு மேல் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பட்டாளம், எந்தத் தேசம் என்று கேட்டால், "ஏதோ பர்மாப் பக்கம்" என்று விடை வரும். தகப்பனார் சொல்லவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.

இந்த மௌனத்திற்குக் காரணம் உண்டு. 1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சிங்காநல்லூரில் இராணுவத் தளவாட ரயில் கவிழ்க்கப்பட்டது. சூலூர் விமானத் தளம் தீக்கிரையாயிற்று. தேசபக்தர்கள் சிறைக்கும் தடியடிக்கும் ஆளாகிக் கொண்டிருந்த அதே யுத்த காலத்தில், கோவைக்குத் தென்மேற்கே மதுக்கரையில் சென்னை ரெஜிமெண்டின் புதுச் சிப்பாய்கள் கவாத்துப் பழகினார்கள். ஒரே ஊரில் ஒரு வீட்டுப் பிள்ளை சிறையிலும் அடுத்த வீட்டுப் பிள்ளை பாசறையிலும் இருந்ததுண்டு. சுயராஜ்யம் வந்த பிறகு முன்னவருக்கு மாலை கிடைத்தது. பின்னவர் வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குப் போனவர் என்ற பேச்சைக் கேட்க விரும்பாமல் பெட்டியைப் பூட்டி வைத்தார்.

அவர் ஏன் போனார்? ஏகாதிபத்தியத்தின்மீது கொண்ட காதலால் போனவர் மிகச் சிலரே என்பது நமது அபிப்பிராயம். மழை பொய்த்த மேட்டுக்காடும் கடன் பத்திரமும் பலரை அனுப்பின. தென்னாட்டார் போர்க்குணம் அற்றவர் என்று கூறி 1928-க்குள் சென்னைக் காலாட்படைகளைக் கலைத்தவர்களும் இதே வெள்ளையர்தாம். ஆபத்து வந்ததும் மீண்டும் ஆள் திரட்ட வந்தார்கள். 1939-ல் சுமார் 2 லட்சமாக இருந்த இந்தியச் சேனை 1945-ல் 25 லட்சமாயிற்று.

அவர்களில் மாண்டவர் சுமார் 87,000 பேர். அவர்களுக்கு ஒரு பதிவேனும் இருக்கிறது. காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷனின் ஏடுகளில் பெயருடன் பல இடங்களில் தகப்பனார் பெயரும் ஊரும் ஜில்லாவும் காணப்படுகின்றன. ரங்கூன் அருகே தௌக்கியானில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. உயிருடன் திரும்பியவருக்கோ கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை. யுத்தம் முடிந்ததும் பெரும்பாலோர் ஓய்வூதியமின்றி விடுவிக்கப்பட்டதால் பென்ஷன் புத்தகமும் கிடையாது. ஆகவே அவருடைய சரித்திரத்திற்கு வீட்டிலுள்ள பெட்டியே ஆதாரம்.

முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பதக்கம். இரண்டாம் யுத்தத்திற்காகப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் இல்லை. இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்தவற்றிலோ எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டன. நட்சத்திரமானால் பின்புறத்திலும், வட்டப் பதக்கமானால் விளிம்பிலும் பார்க்க வேண்டும். எழுத்து மிகச் சிறியது, பூதக்கண்ணாடி வேண்டும். ஆயுத பூஜைதோறும் பளபளப்பாக்க வேண்டுமென்று புளி போட்டுத் தேய்ப்பவர்கள் தங்கள் தகப்பனாரின் எண்ணைத் தாங்களே அழிக்கிறார்கள் என்பதை அறிதல் வேண்டும். அந்த எண்தான் திறவுகோல். வெலிங்டனிலுள்ள சென்னை ரெஜிமெண்ட் பதிவகத்திற்கோ, பெங்களூரிலுள்ள சென்னைச் சாப்பர்களின் பதிவகத்திற்கோ எழுதுகிறவர் எண்ணின்றி எழுதினால், ஆயிரம் முத்துசாமிகளில் எந்த முத்துசாமி என்று எவரால் சொல்ல முடியும்? வெள்ளைக்காரத் துரைகள் நம் பெயர்களை எழுதிய விதமும் நேயர்கள் அறியாததன்று.

நட்சத்திரமே இடத்தையும் காலத்தையும் கூறும். பர்மா நட்சத்திரத்திற்குரிய காலம் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. ஆப்பிரிக்க நட்சத்திரம் 1943 மே மாதத்தோடு முடிகிறது. இத்தாலி நட்சத்திரம் அடுத்த மாதம் தொடங்குகிறது. இவ்விரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால், பாலைவனத்திலிருந்து கடல் கடந்து இத்தாலிய மலைகளுக்குச் சென்ற படையில் அவர் இருந்தார் என்று ஊகிக்கலாம். அந்த இத்தாலியில்தான் 1944-ல் சென்னைச் சாப்பர்களைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் என்ற தமிழர், கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து தோழர்களைக் காத்து மாண்டார். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவரே. நட்சத்திரம் ஒன்றுமின்றி, இந்திய சேவைப் பதக்கம் இருந்தால், அவர் மூன்று வருஷமாவது உள்நாட்டில் கிடங்கோ பாலமோ காத்தார் என்று கொள்ளலாம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

1914-ம் வருஷத்து யுத்தத்தில் பாட்டனார் சென்ற குடும்பங்களும் உண்டு. அந்த யுத்தத்தின் பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம் வெள்ளியாலானது. பஞ்ச காலத்தில் தட்டான் உலைக்குப் போனவை எத்தனையோ! கூலிப்படையாருக்கு மட்டும் அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். சாவுக்குத் துணிந்து போனவர்களிடையேயும் உலோகத்தில் வேற்றுமை பார்த்த சர்க்கார் அது. வெண்கலம் உருக்கப்படாமல் தப்பியது.

மற்றப் பொருள்களையும் அலட்சியம் செய்யலாகாது. புகைப்படத்தில் தோளிலே கழுகுச் சின்னம் இருந்தால் 4-வது இந்திய டிவிஷன்; கரும்பூனையானால் பர்மாவில் போரிட்ட 17-வது டிவிஷன். ஜப்பானியர் அச்சிட்ட நோட்டு இருந்தால் அதன் எழுத்தைப் பார்க்க வேண்டும்: ஆங்கில 'பி' பர்மாவுக்கு, 'எம்' மலாயாவுக்கு. ஆனால் சிப்பாய்கள் நோட்டுகளைத் தமக்குள் மாற்றிக் கொள்வதுண்டு. நோட்டை மட்டும் நம்பித் தகப்பனாரைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிடக் கூடாது. கடிதங்களில் தணிக்கைக்கு அஞ்சி ஊர்ப் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள். ஆயினும் உறைமேலுள்ள போர்க்கள அஞ்சலக எண்ணையும் தேதியையும் கொண்டு, அந்த நாளில் அந்த அஞ்சலகம் எங்கிருந்தது என்று கண்டறியலாம். விடுதலைப் பத்திரத்தில் ஊர், தாலுகா, நடத்தை முதலியன எழுதப்பட்டிருக்கும்.

பர்மா யுத்தத்திலும் மலாயாவிலும் நேதாஜியின் சேனையில் தமிழர் ஒருபுறமும், பிரிட்டிஷ் கொடியின்கீழ் தமிழர் மறுபுறமும் நின்றார்கள். எந்தப் பக்கம் நின்றாரென்று அறிவதற்கு முன்பே தந்தையைப் போற்றவோ தூற்றவோ புறப்படுகிறவர்களோடு நாம் சேர முடியாது.

கடைசியாக ஒரு சாட்சி. அந்த வாலிபரைக் கைப்பிடித்து, அவர் அனுப்பிய மணியார்டர் கூப்பன்களை அரிசிப் பானைக்கடியில் சேர்த்து வைத்த அம்மாள் எவரேனும் வீட்டில் இன்னும் இருப்பாரானால், அவருக்கு இப்போது 95 வயதாவது ஆகியிருக்கும். எந்த ஆடியில் கூப்பன் நின்றது, எந்தத் தையில் மறுபடி வந்தது என்பது எந்தப் பதிவகத்திலும் எழுதப்படவில்லை. அவரிடம் இந்த வாரமே கேட்க வேண்டும்.