ஒரே ஒரு சண்டை விளையாட்டுக்காக மொத்த ஸ்டீமும் ஏன் முடங்கியது?

பெர்மாஸ் ஜெயாவில் உட்கார்ந்து ஸ்டீமைத் திறக்கிறீர்கள். கடைப் பக்கம் வரவில்லை. நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் இருக்கும் நண்பருக்கு அதே பக்கம் ஜோராகத் திறக்கிறது. 2017 செப்டம்பர் 8ஆம் தேதி மலேசியாவில் பலருக்கு இதுதான் நிலைமை. வைஃபை கோளாறு இல்லை, ரௌட்டரை அணைத்துப் போட்டும் பயனில்லை. காரணம், அவர்களில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு கேம்.

அதன் பெயர் "ஃபைட் ஆஃப் காட்ஸ்". தைவானின் டிஜிட்டல் கிராஃப்டர் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கியது. பிரிட்டனின் பிகியூப் வெளியிட்டது. செப்டம்பர் 4ஆம் தேதிதான் "ஏர்லி ஆக்சஸ்" முறையில், அதாவது முழுசா செய்து முடிக்கும் முன்பே, ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் மாதிரி இரண்டு பேர் மோதும் விளையாட்டுதான். ஆனால் மோதுவது யார் தெரியுமா? ஸியுஸ், ஓடின், நரித்தலை அனுபிஸ், குவான் கோங், புத்தர், மோசே, இயேசு! உடைந்த சிலுவையின் துண்டுகள் கையில் தொங்க, அதனாலேயே குத்துகிறார் இயேசு.

சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு நெஞ்சு சுடும். இயேசுவும் மோசேயும் கிறிஸ்துவர்களுக்கு மட்டும் உரியவர்கள் அல்ல. ஈசா, மூசா என்ற பெயர்களில் முஸ்லிம்களுக்கும் அவர்கள் நபிமார்கள். மலேசியாவில் இது பிரச்சினையாகும் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. (நம் சாமிகளும் தப்பவில்லை. "ஸ்மைட்" என்ற கேமில் காளி வடிவமைக்கப்பட்ட விதத்துக்கு 2012இல் அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. காளி இன்றும் அதில் சண்டை போடுகிறாள்.)

அப்போதைய தொடர்பு, பல்லூடக அமைச்சர் சாலே சைட் கெருவாக், பல இன, பல சமய மக்களின் நல்லிணக்கத்தைக் காக்க இந்த விளையாட்டின் விற்பனையை உடனே நிறுத்த வேண்டும் என்றார். ஸ்டீமுக்கு 24 மணி நேரம் கெடு. கெடு முடிந்தும் கேம் அங்கேயே இருந்தது. அடுத்து முடங்கியது கேம் அல்ல, ஸ்டீம்.

சரி, ஒரு பக்கத்தை மட்டும் மூட முடியாதா?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நீங்கள் ஒரு முகவரியைத் தட்டியதும், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரைக் கணினி கேட்கும். டிஎன்எஸ் என்பது இணையத்தின் டெலிபோன் டைரக்டரி. மலேசியாவில் ஒரு தளத்தை முடக்குவதற்கு வழக்கமான வழி, அந்த டைரக்டரியில் கை வைப்பது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிடும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 263ஆம் பிரிவுப்படி, சேவை நிறுவனங்கள் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவை.

ஆனால் டைரக்டரியில் ஸ்டீம் கடையின் பெயர் மட்டும்தான் இருக்கும். அதற்குள் நீங்கள் எந்த கேமின் பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்பது மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் வெளியில் தெரியாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் பெயர் உறைமேல் இருக்கிறது, வீட்டு எண் உறைக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். தபால்காரரால் ஒரு வீட்டுக்கு மட்டும் கடிதத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் மொத்தக் கட்டடத்துக்கும்தான். குறிப்பிட்ட ஒரு வீட்டுக் கதவைச் சாத்தக்கூடியவர் கட்டட உரிமையாளர் மட்டுமே. இங்கே அது, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம்.

கடைசியில் நடந்ததும் அதுதான். மலேசியக் கடையிலிருந்து மட்டும் கேம் நீக்கப்பட்டது, மறுநாள் ஸ்டீம் திறந்தது. தங்கள் விளையாட்டு சமயத்தை நகைச்சுவையோடு அணுகுகிறது, அதில் சமயப் பிரசாரம் எதுவும் இல்லை என்று பிகியூப் விளக்கம் கொடுத்தது. நீக்கப்பட்டதற்கான காரணத்தை யாரும் தங்களிடம் நேரடியாகத் தெரிவிக்கவில்லை என்றும் குறைபட்டுக்கொண்டது.

மனம் புண்பட்டது என்று புகார் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சீண்டாமல் விட்டிருந்தால் சில நாளில் ஸ்டீமின் மூலையில் காணாமல் போயிருக்கக்கூடிய கேம், உலகச் செய்தியாகிவிட்டது. அதைத் தொடாதவர்களுக்கும் கடை மூடியது. சொந்தமாக கேம் செய்து ஸ்டீமில் விற்கும் மலேசிய இளையர்களும் உள்ளூர் வாடிக்கையாளர்களைத் தற்காலிகமாக இழந்தார்கள். டிஜிட்டல் கிராஃப்டருக்கு இதனால் பெரிய நஷ்டம் வந்த மாதிரி தெரியவில்லை. 2019இல் "ஃபைட் ஆஃப் அனிமல்ஸ்" என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் சாமி இல்லை. இணைய மீம்களில் இருந்து வந்த, கட்டுமஸ்தான கை முளைத்த நாயும் அதன் கூட்டாளிகளும்தான்.

டிஎன்எஸ் முடக்கத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சேவை நிறுவனத்தின் டைரக்டரியை விட்டுவிட்டு கூகல், கிளவுட்ஃபிளேர் போன்றவற்றின் பொது டைரக்டரிக்கு மாறினால் முடக்கம் செல்லாது. அந்த ஓட்டையையும் அடைக்க 2024 செப்டம்பரில் ஆணையம் முனைந்தது. நீங்கள் எந்தப் பொது டைரக்டரியைக் கேட்டாலும், கேள்வியை உள்ளூர் சர்வருக்கே திருப்பிவிட வேண்டும் என்பது திட்டம். இணையச் சூதாட்டம், ஆபாசம் போன்றவற்றைத் தடுக்கத்தான் இது என்று விளக்கம் சொல்லப்பட்டது. பொதுமக்களிடமிருந்து எதிர்ப்பு வலுக்கவே, திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் சொல்லிவிட்டார். அன்றைக்கும் தேதி செப்டம்பர் 8.