மிகைப் பாடவேளையும் ஆய்வு விடுப்பும்

கல்லூரி ஆசிரியர் தமக்குரிய பாடவேளைக்கு மேற்படக் கற்பித்த நேரத்தைப் பணமாகப் பெறாது கணக்கில் வைத்து, பின்னொரு காலத்தில் ஊதியத்துடன் கூடிய விடுப்பாகப் பெறும் முறையொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிறப்பாகக் கலிபோர்னியா மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில், வழங்கி வருகின்றது. ஆங்கிலத்தில் இதனை ‘லோடு பேங்கிங்’ என்பர். ‘பாடவேளை வைப்பு’ என நாம் தமிழில் வழங்கலாம். கல்லூரி மூடியிருக்கும் காலத்தை விடுமுறை என்றும், கல்லூரி நடைபெறுங்கால் ஆசிரியர் ஒருவர் பணியினின்று விலகியிருப்பதை விடுப்பு என்றும் இக்கட்டுரையில் வேறுபடுத்திக் கூறுகின்றோம். சுவடி ஒப்புநோக்கல், கல்வெட்டுக் களப்பணி, அகராதித் தொகுப்பு போல்வன விடுமுறை நாட்களில் தொடங்கப்பெற்று, கல்லூரி திறந்ததும் நின்றுபோதல் நம் துறையினர் நன்கறிந்த செய்தி. ஆதலின் இம்முறையை ஆராய்தல் பயனுடைத்து.

ஆய்வு விடுப்பிற்குப் பழைய வடிவம் ‘சபாட்டிகல்’ என்பது. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடுக என்னும் எபிரேய வழக்கிலிருந்து இச்சொல் பிறந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1880-இல் இதனை ஆசிரியர்க்கு உரிய ஏற்பாடாக்கிற்று. அதே 1880-இல்தான் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். சீவக சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. இவையனைத்தும் அவர் அக்கல்லூரியில் வகுப்பு நடத்திய ஆண்டுகளின் விளைவே. இதனைக் காட்டி, ஆய்வுக்கு விடுப்பு வேண்டா என வாதிடுவாரும் உளர். அப்பெருமகனார்க்கு இயன்றதை ஏனையோர்க்கு விதியாக்குதல் பொருந்தாது என்பதே எம் கருத்து.

சபாட்டிகல் ஒரு கொடை. அதனைப் பெற ஆய்வுத் திட்டம் எழுதிக் குழுவின் இசைவைப் பெறல் வேண்டும். திரும்பியபின் அறிக்கை தரல் வேண்டும். பாடவேளை வைப்போ ஈட்டிய பொருள். ஆசிரியர் முன்னரே உழைத்துவிட்டமையின், அவ்விடுப்பை எதற்குப் பயன்படுத்துகின்றார் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. நூல் எழுதுவார்க்கும், நோயுற்ற பெற்றோரைப் பேணுவார்க்கும் அஃது ஒரே தன்மைத்து.

இதன் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பருவத்திற்கு 15 விரிவுரை அலகுகள் முழுப்பணி எனக் கொள்ளும் கல்லூரிகள் பல. அத்தகைய கல்லூரியில் ஒருவர் ஒவ்வொரு பருவத்திலும் 3 அலகு கொண்ட பாடமொன்றை மிகையாக ஏற்று, முழுமையும் வைப்பிலிட்டால், ஐந்து பருவங்களில் 15 அலகுகள் சேரும். ஆறாம் பருவத்தில் அவர் வகுப்பின்றி முழு ஊதியம் பெறலாம். முழுப் பருவமும் வேண்டாதார் 3 அலகினை மட்டும் எடுத்து, ஒரு பருவத்தில் 12 அலகுகளே கற்பிக்கலாம். செய்முறை வகுப்பின் மணியைப் பல கல்லூரிகள் விரிவுரை மணியினும் குறைத்து மதிப்பிடுவதால், கடிகார மணியை அலகென மயங்குதல் கூடாது.

இம்முறையின் உயிர்நிலை ஊதிய வேறுபாட்டிலேயே உள்ளது. மிகைப் பாடத்திற்குப் பணம் பெறுவார்க்குப் பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர்க்குரிய மணி விகிதமே கிடைக்கும்; அது முழுநேர ஊதியத்தின் பங்கு விகிதத்தினும் குறைவு. அதே 3 அலகு விடுப்பாகத் திரும்புங்கால் பருவ ஊதியத்தில் ஐந்திலொரு பங்குக்கு ஈடாகின்றது. மேலும், வைப்பு அலகாக இருப்பதால், இடையில் ஊதியம் உயரின் அவ்வுயர்வும் ஆசிரியரையே சேரும். பணமாகப் பெற்றவர்க்கு இப்பயன் இல்லை.

வரம்புகளும் உள. இத்தனை அலகுக்கு மேல் சேர்க்கலாகாது, இத்தனை காலம் முன்னரே அறிவித்தல் வேண்டும், துறையில் ஒரே பருவத்தில் பலர் விலகலாகாது என்பன போன்ற விதிகள் கல்லூரி நிருவாகமும் ஆசிரியர் சங்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் இடத்திற்கிடம் வேறுபடும். சேர்ந்த அலகு நிருவாகத்திற்குக் கடன். கணக்கேட்டில் அவ்வாறே எழுதப்பெறல் வேண்டும். கட்டுரைப் பயிற்சி வகுப்புகளை மிகையாக ஏற்பவர் திருத்தவேண்டிய தாள்களின் சுமையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. அச்சுமை வைப்பிற் சேராது.

இனி, விடுப்பெடுத்தவரின் வகுப்பை நடத்துபவர் யார்? பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியரே. கலிபோர்னியச் சட்டம் அவர்தம் பணியை ஒரு மாவட்டத்தில் முழுப்பணியின் 67 விழுக்காட்டிற்கு மேற்படாமல் வரையறுக்கின்றது. அவர்க்கு வழங்கும் விகிதம் குறைவாதலின் நிருவாகத்திற்கு இவ்விடுப்பால் பேரிழப்பு இல்லை. முழுநேர ஆசிரியர் பெறும் ஆதாயத்தில் ஒரு பகுதி, தமக்கென வைப்பேதும் இல்லாத ஒருவரின் குறைந்த கூலியிலிருந்து வருகின்றது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

நம் நாட்டு நிலையை ஒப்பிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, உதவிப் பேராசிரியர்க்கு வாரம் 16 மணியும், இணைப் பேராசிரியர், பேராசிரியர் ஆகியோர்க்கு 14 மணியும் நேரடிக் கற்பித்தலென வகுத்தது. விடுமுறையில் பணியாற்றிய நாட்களில் மூன்றிலொரு பங்கை ஈட்டிய விடுப்பில் சேர்த்தது. 30 நாள் பணிக்கு 10 நாள் கிடைக்கும். அவ்விடுப்பு 300 நாள் வரை சேரலாம். ஆயின் ஒருமுறைக்குப் பொதுவாக 60 நாளே உச்சம். சபாட்டிகல் விடுப்போ, இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழாண்டு பணிமுடித்தவர்க்கே உரியது. ஆய்வின் வேகம் மிக்க இளம் உதவிப் பேராசிரியர் அதற்குப் புறத்தே நிற்கின்றார்.

இவ்விதிகள் நாளைக் கணக்கிடுகின்றன, மணியைக் கணக்கிடவில்லை. துறையில் இடம் காலியாகி, 16 மணிக்கு மாறாக 20 மணி கற்பிக்கும் ஒருவரின் மிகை 4 மணிக்கு விடுப்புக் கணக்கில் இடமில்லை. கலிபோர்னிய முறையில் பதிந்திருப்பின், நான்கு பருவங்களில் அவை ஒரு முழுப் பருவத்திற்கு ஈடாகும். முதற்படியாக, துறைத்தலைவர் ஒப்பமிட்ட மிகைப் பாடவேளைப் பதிவேடொன்றைப் பல்கலைக்கழகங்கள் பேணத் தொடங்கலாம். விடுப்பு வழங்கும் விதி பின்னர் வகுக்கப்பெறுமாயின், பதிலாள் கௌரவ விரிவுரையாளராயினும் அவ்வகுப்பிற்குரிய மணிக்கு முழுநேர ஆசிரியரின் பங்கு விகிதத்திலேயே ஊதியம் பெறுவார் என்னும் வரியும் அவ்விதியிலேயே இடம்பெறல் வேண்டும்.