அயல்மண்ணில் நம் குடிமக்கள்: ஒப்படைப்பும் நேரிய விசாரணையும்

சிலப்பதிகாரத்தைக் கண்ணகியின் கண்ணீரோடு பயிலும் நாம், அக்காப்பியம் ஓர் அயல்நாட்டுக் குடிமகனின் வழக்கையும் உரைக்கின்றது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கோவலன் சோழநாட்டுப் புகாரில் பிறந்தவன். கண்ணகியோடும் கவுந்தியடிகளோடும் திருவரங்கத்தையும் உறையூரையும் கடந்து பாண்டிய நாட்டு மதுரைக்குச் சென்றவன். அங்கே பொற்கொல்லன் ஒருவனின் சொல்லே சான்றாயிற்று. அரசனின் வாய்மொழியே தீர்ப்பாயிற்று. கோவலனை அவைக்கு அழைத்து, “நீ யாது கூறுகின்றாய்?” என்று வினவியவர் எவருமிலர். கண்ணகி அவை புகுந்து சிலம்பை உடைத்தபோதுதான் அவ்வழக்கு முதன்முறையாக விசாரிக்கப்பட்டது. அப்போது தண்டனை நிறைவேறிவிட்டது.

திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்திலிருந்து நாள்தோறும் நம் இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடா நகரங்களுக்கும் புறப்படுகின்றனர். மொழி தெரியாத நாட்டில் அவர்களுள் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டால் என்ன நேரும்? இவ்வினா நம் இல்லங்களைத் தொடுகின்ற வினாவாகும். அதற்கு விடை காண, நம் ஊரின் வரலாற்றுப் பக்கங்கள் சிலவற்றைப் புரட்டுவோம்.

ஒப்படைப்பு என்பது யாது?

ஒரு நாட்டில் குற்றம் செய்ததாகக் கருதப்படுபவர் மற்றொரு நாட்டில் இருப்பாராயின், அவரைப் பிடித்துத் தருமாறு முதல் நாடு கேட்பதும், இரண்டாம் நாடு சட்டப்படி ஆராய்ந்து தருவதும் ‘ஒப்படைப்பு’ எனப்படும். நாளிதழ்கள் இதனையும் ‘நாடு கடத்தல்’ என்றே எழுதுவதுண்டு. ஆயினும் இரண்டும் வேறு வேறு. தங்கும் உரிமையற்ற அயல்நாட்டாரை ஓர் அரசு வெளியேற்றுவது நாடு கடத்தல். விசாரணைக்காகவோ தண்டனைக்காகவோ ஒருவரை மற்றோர் அரசின் கையில் கொடுப்பது ஒப்படைப்பு. இதில் வாங்கும் கைக்கு உள்ள பொறுப்பு கொடுக்கும் கைக்கும் உண்டு.

திருவரங்கத்தில் முறிந்த வாக்கு

அப்பொறுப்பு காற்றில் பறந்த நிகழ்ச்சி ஒன்று 1752ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திருவரங்கத் தீவில் நிகழ்ந்தது. கர்நாடகப் போரில் பிரெஞ்சுக்காரரின் துணையோடு திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்ட சந்தா சாகிப், படைகள் சிதறிய நிலையில் அத்தீவில் அகப்பட்டுக்கொண்டார். தஞ்சைத் தளபதி மானோஜி அவரைப் பாதுகாப்பாக வெளியேற்றுவதாக உறுதியளித்தார். அவ்வுறுதியை நம்பிச் சென்ற சந்தா சாகிப் சிறைப்பிடிக்கப்பட்டார். அவரை யார் வைத்துக்கொள்வது என்று வெற்றி பெற்ற தரப்பினர் தமக்குள் பூசலிட்டனர். பூசலின் முடிவில் அவர் தலை துணிக்கப்பட்டது. போரில் அவர் செய்தவை சரியா தவறா என்பது வரலாற்றாசிரியர் ஆராய வேண்டியது. கையளித்தவருக்குத் தரப்பட்ட வாக்கு காக்கப்படாததும், அவரை விசாரிக்க ஒரு மன்றம் இல்லாததுமே ஈண்டு நாம் கருதத்தக்கவை.

வரகனேரியிலிருந்து இலண்டனுக்கு

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் உலகில் ஒப்படைப்புச் சட்டங்கள் தோன்றிவிட்டன. அச்சட்டங்களை மிக அருகில் நின்று கண்டவர் நம் திருச்சி வரகனேரியில் 1881ஆம் ஆண்டு பிறந்த வ.வே.சு. ஐயர். ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் சிறுகதையாலும், திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பாலும் தமிழ் மாணவர்கள் அவரை நன்கு அறிவர். பாரிஸ்டர் பட்டம் பெற இலண்டன் சென்ற அவர், அங்கே இந்தியா மாளிகையின் விடுதலைப் போராளிகளோடு இணைந்தார். அக்குழுவின் முன்னணியில் இருந்த வி.தா. சாவர்க்கர், 1910 மார்ச் 13ஆம் நாள் இலண்டனில் கைது செய்யப்பட்டார். 1881ஆம் ஆண்டின் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டப்படி, அவரைப் பம்பாய்க்கு அனுப்புமாறு இந்திய அரசு கோரியது.

அவருடைய வழக்கறிஞர்கள் எழுப்பிய வாதங்கள் இன்றும் ஆராயத்தக்கவை. இலண்டனில் இருந்தபோது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தை இலண்டனிலேயே விசாரித்தல் வேண்டும். இந்தியாவில் பல ஆண்டுகட்கு முன் ஆற்றிய சொற்பொழிவுகளுக்காக இப்போது அனுப்புதல் கொடுமையாகும் என அவர்கள் வாதிட்டனர். இவ்வாதத்தின் பொருள் எளிது. இலண்டனில் ஜூரி உண்டு, மேல்முறையீடு உண்டு. பம்பாயிலோ 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று நீதிபதிகள் கொண்ட தனி மன்றம். ஜூரி இல்லை, மேல்முறையீடும் இல்லை. அனுப்புதல் அநீதியாகுமெனக் கண்டால் மறுக்கும் அதிகாரத்தை அச்சட்டம் ஆங்கில நீதிமன்றத்திற்கு அளித்திருந்தது. மன்றம் அதனைப் பயன்படுத்தவில்லை.

‘மோரியா’ என்னும் கப்பலில் கொண்டுசெல்லப்பட்ட சாவர்க்கர், ஜூலை 8ஆம் நாள் பிரான்சின் மார்சேல்ஸ் துறைமுகத்தில் கடலில் குதித்துக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடமே திரும்பக் கொடுத்துவிட்டார். பிரெஞ்சு மண்ணில் ஒப்படைப்பு விசாரணை ஏதும் நடைபெறவில்லை. பிரான்ஸ் எதிர்ப்புத் தெரிவிக்க, வழக்கு ஹேக் நகரின் நிலையான நடுவர் மன்றத்திற்குச் சென்றது. 1911 பிப்ரவரி 24ஆம் நாள் மன்றம் தீர்ப்பளித்தது: பிடித்துக் கொடுத்ததில் முறைகேடு உண்டு, எனினும் திருப்பித் தரும் கடமை பிரிட்டனுக்கு இல்லை. அத்தீர்ப்பு வருமுன்னரே பம்பாய் மன்றம் இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்து முடித்திருந்தது.

ஐயரோ பிடியாணையிலிருந்து தப்பிப் பாரிஸ் வழியாக வேற்றுருவில் புதுவையை அடைந்தார். அங்கே பாரதியாரோடும் அரவிந்தரோடும் அரசியல் அடைக்கலம் பெற்று, ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். பிரெஞ்சு ஆட்சி அவர்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கவில்லை. அம்மறுப்பினால் தமிழிலக்கியம் பெற்ற செல்வம் சிறிதன்று.

சாவர்க்கரின் பிற்காலக் கொள்கைகளை ஏற்காதோர் நம்மிடையே பலர். ஆயினும் அவருக்கு நேரிய விசாரணை மறுக்கப்பட்டது என்று கூற நமக்குத் தயக்கமில்லை. நமக்கு உவப்பானவருக்கு மட்டும் உரியதாயின், அது உரிமையாகாது, சலுகையாகிவிடும்.

இன்றைய காப்புகள்

விடுதலை பெற்ற இந்தியா 1962ஆம் ஆண்டில் ஒப்படைப்புச் சட்டத்தை இயற்றியது. அயல்நாடு ஒன்று இங்குள்ள ஒருவரைக் கேட்டால், முதற்கண் நீதித்துறை நடுவர் ஒருவர் சான்றுகளை ஆராய்தல் வேண்டும். அடிப்படைச் சான்று இல்லையேல் விடுவித்தல் வேண்டும். அரசியல் குற்றத்திற்காக எவரையும் ஒப்படைத்தல் கூடாது. அவ்வாறே, அயல்நாட்டிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டவரை, எந்தக் குற்றத்திற்காகப் பெற்றோமோ அதனை விடுத்து வேறு குற்றத்திற்காக விசாரித்தலும் பொதுவாகக் கூடாது. மரண தண்டனை இல்லாத நாட்டிலிருந்து பெறப்பட்டவருக்கு அத்தண்டனைக்கு மாற்றாக ஆயுள் தண்டனையே உரியது.

இவற்றுக்கெல்லாம் அடிநிலையில் இருப்பது வாக்குக் காத்தல் என்னும் அறமே. 257 உயிர்களைப் பலிகொண்ட 1993ஆம் ஆண்டு மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் அபு சலேம் 2005ஆம் ஆண்டு போர்ச்சுகலிலிருந்து கொண்டுவரப்பட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைப்பதில்லை என்று இந்தியா அந்நாட்டிற்கு உறுதியளித்திருந்தது. பின்னர் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோதும், அவ்வுறுதி மைய அரசைக் கட்டுப்படுத்தும் என 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குற்றத்தின் கொடுமையை மன்றம் குறைத்து மதிப்பிடவில்லை. நாட்டின் சொல்லை உயர்த்தி மதித்தது. திருவரங்கத்தில் முறிந்த வாக்கிற்கும் இதற்கும் உள்ள தொலைவே சட்டம் நடந்து வந்த தொலைவாகும்.

அயலகச் சிறையில் இருப்போர்

1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை, அயல்நாட்டில் கைதானவருக்கு இன்றியமையாத உரிமை ஒன்றைத் தருகின்றது. தம் நாட்டுத் தூதரகத்திற்குச் செய்தி தருமாறு அவர் கேட்கலாம். அவ்வுரிமையைத் தாமதமின்றி அவருக்கு அறிவிப்பது காவல்துறையின் கடமை. தூதரக அலுவலர் சிறையில் அவரைக் காணலாம்; வழக்கறிஞரை அமர்த்த உதவலாம். குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இவ்வுரிமையைப் பாகிஸ்தான் மீறியது என்று 2019 ஜூலை 17ஆம் நாள் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, தண்டனையை மறு ஆய்வு செய்யப் பணித்தது.

நம் மாநில மீனவர் ஐவரின் வழக்கும் மறக்கத்தக்கதன்று. 2011 நவம்பரில் இலங்கைக் கடற்படையினரால் பிடிக்கப்பட்ட அவர்களுக்குப் போதைப்பொருள் கடத்தியதாகக் கொழும்பு உயர் நீதிமன்றம் 2014 அக்டோபர் 30ஆம் நாள் மரண தண்டனை விதித்தது. தமிழகம் கொந்தளித்தது; இந்திய அரசு மேல்முறையீட்டிற்கு முனைந்தது. மூன்று வாரங்களுக்குள் இலங்கை அதிபர் மன்னிப்பு வழங்க, ஐவரும் தாயகம் மீண்டனர். அவர்கள் உயிர் பிழைத்தமை நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மன்னிப்பு என்பது கருணை. மேல்முறையீட்டு மன்றம் சான்றுகளை எடைபோட்டு அளிக்கும் தீர்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. அரசுகளின் நல்லுறவு வாய்த்த வேளையில் கருணை வரும். வாய்க்காத வேளையில் நேரிய விசாரணையே ஏழையின் துணை.

நம் வாயிற்படியில்

அயலாரிடம் நாம் கேட்கும் நீதியை நம்மிடம் உள்ள அயலாருக்கு வழங்குகின்றோமா என்பதும் கேட்கப்பட வேண்டிய வினா. திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலேயே அயல்நாட்டாருக்கான சிறப்பு முகாம் அமைந்தது. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களுள் இலங்கைக் குடிமக்கள் நால்வர் சிறையிலிருந்து நேரே அம்முகாமிற்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சாந்தன், தாயகம் திரும்பும் ஏற்பாடுகள் கைகூடிய வேளையில், 2024 பிப்ரவரி 28ஆம் நாள் சென்னை மருத்துவமனையில் உயிர் நீத்தார். ஏனைய மூவர் அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். முன்னாள் பிரதமரையும் உடனிருந்தோரையும் இழந்த துயரம் ஆழமானது. எனினும் நீதிமன்றம் விடுவித்த பின்னும் ஓராண்டுக்கு மேல் அடைபட்டிருந்த காலத்தை எப்பெயரால் அழைப்பது? காவிரிக்கரையில் நாம் காட்டும் முறையே கடல் கடந்த ஊரில் நாம் கேட்கும் முறைக்கு எடையாக நிற்கும்.

மாணவச் செல்வங்களே! வெளிநாடு செல்லும் உறவினரிடம் இந்தியத் தூதரகத்தின் முகவரியைக் குறித்துக் கொடுங்கள். கைதானால் தூதரகத்தை அழைக்கக் கோருதல், மொழிபெயர்ப்பாளரைக் கேட்டல், புரியாத தாளில் கையொப்பமிடாதிருத்தல் ஆகிய மூன்றையும் சொல்லி அனுப்புங்கள். சட்டம் பயில்வோர் இத்துறையில் புலமை பெறுங்கள். ஊர்ப் பெரியோர், ஒருவர் கைதானார் என்ற செய்தி வந்தவுடன் அவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டாமல், அக்குடும்பத்தின் பக்கம் நிற்றல் வேண்டும். கண்ணகி உடைத்த சிலம்பு காலம் கடந்து உடைந்தது. தண்டனைக்கு முன்னரே சான்று மன்றத்தில் ஏறுமாறு செய்தலே அக்காப்பியத்தைப் பயின்றதன் பயனாகும்.